பசறை மேட்டில் நின்ற லாரி

பதுளைக்கு ரயில் வராத காலம். மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் லாரி ஓட்டினேன். லாரி என்று நாங்கள் சொன்னோம், அவ்வளவுதான். உள்ளபடி அது துரையின் பழைய கார். பின்பக்கத்தை அறுத்து எடுத்துவிட்டுத் தோட்டத்து ஆசாரி பலகையால் ஒரு தொட்டி அடித்துவைத்திருந்தார். தேயிலைப் பெட்டியும் அரிசி மூட்டையும் அதில்தான் போகும் வரும். முன்னால் ஒரே ஒரு ஆசனப் பலகை. பெட்ரோல் டாங்கி அந்தப் பலகைக்கு அடியில். டாங்கியைத் திறக்க வேண்டுமென்றால் மேலே இருக்கிறவர் எழும்பி இறங்க வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

எனக்கு ஓட்டத் தெரியும். கொஞ்சம் கழற்றிப் பூட்டத் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

ஆயுத பூசை கழிந்து வேலை தொடங்கிய முதல் நாள். காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்து ஆட்கள் கொழுந்து மலைக்குப் போய்விட்டார்கள். தேயிலை அரைக்கிற ஸ்டோரில் மெசினை ஓடவிட்டார்கள். என் பெண்சாதியின் தம்பிக்கு அங்கேதான் வேலை. வயது இருபத்திரண்டு. லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவிலேயே எங்களோடு இருந்தான். நான் அவனை மாப்ள என்பேன், அவன் என்னை மச்சான் என்பான். அன்றைக்கு மெசினைச் சுற்றும் தோல் வார் விலகியது. ஓட ஓடவே அதைத் தள்ளிவிடுவது அவன் வழக்கம். தள்ளினான். வலது கையை இழுத்துக்கொண்டது.

நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தான். கை பிழிந்துபோட்ட துணி போலக் கிடந்தது. தோட்டத்து மருந்தய்யா முழங்கைக்கு மேல் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சொன்னார்.

“நசுங்கியிருக்கு. ஆனா நரம்பு சாகல. உச்சிப் பொழுதுக்குள்ள பதுளை ஆஸ்பத்திரியில சேத்தா தைச்சுப் பாப்பாங்க. உச்சி சாஞ்சா வெட்டத்தான் வேணும்.”

கை போனால் என்ன ஆகும் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். கையில்லாதவனுக்குத் தோட்டத்தில் பேர் கிடையாது. செக்ரோல் என்கிற சம்பளப் பேரேட்டில் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் இல்லாதவன் லயத்தில் இருக்க முடியாது. ஊருக்குத் திருப்பி அனுப்புவார்கள். ஊர் என்றால் கடலுக்கு அந்தப் பக்கம். அவன் அம்மா இடுப்பில் கைக்குழந்தையாக வந்தவன். அம்மா மலையிலேயே செத்துப்போனாள். அந்தப் பக்கம் அவனுக்கு ஒருவரும் இல்லை.

துரை லாரியை எடுக்கச் சொன்னார். பின்தொட்டியில் போட்டால் குலுங்கும் என்று அவனை என் பக்கத்தில் உட்காரவைத்தேன். என் பெண்சாதி தொட்டியில் ஏறி, பின்னாலிருந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். மலையிலிருந்து கூடையோடு ஓடிவந்திருந்தாள். கூடையை இறக்கவும் மறந்து அதோடேயே ஏறினாள்.

பதுளை இருபது மைலுக்கு மேல். நல்ல ஓட்டம் என்றால் உச்சிக்கு வெகு முன்னாலேயே போய்விடலாம். நான் அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

இரண்டு மைல் போகவில்லை. ஒரு ஏற்றத்தில் லாரி இருமியது. இரண்டு தரம் குலுங்கியது. நின்றுவிட்டது.

பெட்ரோல்தான் வரவில்லை. அது சத்தத்திலேயே தெரியும். எஞ்சினுக்குள் நெருப்புப் பொறி வராமல் நின்றால் பட்டென்று நிற்கும். பெட்ரோல் வராவிட்டால் இப்படித்தான் பசித்தது போல இழுத்து இழுத்து நிற்கும். எது நின்றாலும் முதலில் டாங்கியைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பது என் பழக்கம். அவனை இறக்கினேன். இறங்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டான். பலகையைத் தூக்கி, மூடியைத் திருகி, குச்சியை விட்டேன். பாதி டாங்கி இருந்தது.

அந்த லாரிக்குப் பம்பு ஒன்றும் கிடையாது. பெட்ரோல் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவது போலத் தானாகத்தான் எஞ்சினுக்கு ஓடும். ஏற்றத்தில் மூக்கு மேலே போனால் எஞ்சின் உயர்ந்துவிடும், டாங்கி தாழ்ந்துவிடும். பெட்ரோல் குறைந்திருந்தால் ஓடாது. அதற்கு எல்லா லாரிக்காரனும் செய்வது ஒன்றுதான். லாரியைத் திருப்பிப் பின்பக்கமாக ஏற்றுவது. மூடியைப் போட்டு அவனை ஏற்றினேன். முன்னால் போய்ச் சுற்றுகிற கம்பியைச் செருகினேன். எஞ்சினைச் சுற்றினேன். பிடித்தது. இடம் பார்த்துத் திருப்பிப் பின்பக்கமாகவே அந்த ஏற்றத்தை ஏறினேன்.

“மச்சான், பதுளைக்கு முதுகக் காட்டிக்கிட்டே போய்ச் சேரப் போறமா?” என்று கேட்டான்.

“பேசாம இரு மாப்ள,” என்றேன்.

ஏறிவிட்டோம். ஏற்றம்தான் காரணம் என்று நினைத்தேன். மேலே போனதும் நேராகத் திருப்பி ஓட்டினேன்.

அடுத்த தடவை இறக்கத்தில் நின்றது.

இறக்கத்தில் டாங்கி உயரத்தில் இருக்கும். பெட்ரோல் கொட்ட வேண்டும். அங்கே நிற்கக் கூடாது. அப்படியானால் ஏற்றம் காரணமில்லை. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

தண்ணீராக இருக்கும் என்று நினைத்தேன். பெட்ரோல் தகரங்கள் ஸ்டோருக்கு வெளியே மழையில் கிடந்தவை. காபரேட்டருக்கு முன்னால் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது. அழுக்கும் தண்ணீரும் அதில்தான் தங்கும். அதைக் கழற்றிப் பார்த்தேன். கொஞ்சம் துரு. இரண்டு சொட்டுத் தண்ணீர். துடைத்து மாட்டினேன். மறுபடியும் அவனை இறக்கி டாங்கியில் குச்சி விட்டு, குச்சியை முகர்ந்து பார்த்து, மூடினேன். இரண்டு சுற்றில் எஞ்சின் பிடித்தது. தண்ணீர்தான் என்று சந்தோசப்பட்டேன்.

ஒரு மைலோ கொஞ்சம் கூடவோ ஓடியது. பசறைக்கு இந்தப் பக்கம் மறுபடி நின்றது.

குழாய் அடைத்திருக்க வேண்டும். எஞ்சின் பக்கம் குழாயைக் கழற்றினேன். பெட்ரோல் கண்ணீர் மாதிரி வந்தது. விரல் தடிப்புக்கு ஓட வேண்டிய பெட்ரோல். டாங்கியைத் திறந்துவைத்து ஊதினால் அடைப்பு போய்விடும் என்று மூன்றாம் தரம் அவனை இறக்கினேன். இந்தத் தடவை அவனால் நிற்க முடியவில்லை. என் பெண்சாதி அவனை ரோட்டோரத்தில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். நான் மூடியைத் திறந்துவிட்டுக் குழாயில் வாய் வைத்து ஊதினேன். பெட்ரோல் தொண்டைக்குள் போய்விட்டது. எரிந்தது. துப்பிவிட்டுப் பார்த்தால் குழாயில் பெட்ரோல் ஒழுங்காக ஓடியது. குப்பை போய்விட்டது என்று பூட்டினேன்.

கயிற்றை மருந்தய்யா சொன்னபடி ஒரு தரம் தளர்த்தி மறுபடி இறுக்கினோம். அதை நான் எழுத விரும்பவில்லை.

லாரி பசறைக் கடைத்தெருவைத் தாண்டியது. அதற்கப்பால் மேடு. அந்த மேட்டைத் தாண்டினால் பதுளைக்கு இறக்கம்தான். மேட்டில் பாதி ஏறியபோது லாரி இருமத் தொடங்கியது. நான் வாய்விட்டு அம்மா என்றேன். நின்றுவிட்டது.

வெயில் ஏறியிருந்தது. அவன் முகம் வெளுத்துக் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நான் இறங்கி அவன் பக்கம் போனேன். என் பெண்சாதி என் கையைத் தட்டிவிட்டாள்.

“இன்னொரு தரம் அவனத் தூக்குனீங்க, நான் சும்மா இருக்க மாட்டேன்,” என்றாள். “உசுரு போவுது அவனுக்கு, நீங்க டாங்கியத் தொறந்து தொறந்து பாக்குறீங்க.”

அவள் சொல்வது சரி. டாங்கியில் பெட்ரோல் இருப்பது எனக்கே தெரியும். அதனால் திறக்கவில்லை. கிண்ணத்தைக் கழற்றினேன். கிண்ணம் காலி. துடைத்து மாட்டினேன். குழாய் சூடேறியிருக்குமோ என்று ஈரத்துணி சுற்றினேன். எஞ்சினைச் சுற்றினேன். சுற்றினேன். மணிக்கட்டு வீங்கும்வரை சுற்றினேன். ஒரு தரம்கூடப் பிடிக்கவில்லை. சும்மா நின்று பார்த்தேன். காட்டில் பறவைச் சத்தம்தான் கேட்டது.

“ரெண்டு நாளா இதுக்குத்தானே பூசை போட்டீங்க,” என்றாள் அவள். “எனக்கு இப்பிடி ஒரு நாளாவது பாத்திருப்பீங்களா.”

நான் குனிந்து மறுபடி கம்பியைப் பிடித்தேன்.

அப்போதுதான் பின்னால் மாட்டு வண்டி ஒன்று வந்தது. லுணுகலையில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் வியாபாரியின் வண்டி. பாக்கு மூட்டை ஏற்றிப் பதுளைக்குப் போய்க்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை நானா என்போம். வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. இறங்கி மூட்டைகளை ஒவ்வொன்றாக ரோட்டோரத்தில் உருட்டிவிட்டார். நான் தடுக்கப் போனேன்.

“மூட்ட கெடக்கட்டும் தம்பி, நீங்கதான் இங்க நிக்கிறீங்களே,” என்றார். “ஆளத் தூக்குங்க.”

மாடு பதுளைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். வெயிலைப் பார்த்தார். உச்சி தாண்டித்தான் போகும் என்றார். மறைக்கவில்லை.

வண்டியில் ஏற்றினால் உச்சிப் பொழுது கடந்துவிடும், ஆனால் போய்ச் சேர்வது நிச்சயம். லாரியில் வைத்திருந்தால் நான் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிப்பேன் என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. என் பெண்சாதி ஏற்கெனவே அவனுடைய தோளுக்குக் கீழ் கை கொடுத்துவிட்டாள். நான் காலைப் பிடித்தேன். ஏற்றினோம். வண்டி மேட்டில் ஊர்ந்து திரும்பி மறைந்தது.

இப்போது ஆசனத்தில் ஒருவரும் இல்லை.

வேறு செய்ய ஒன்றும் தெரியாமல்தான் பலகையைத் தூக்கினேன். நம்பிக்கையோடு செய்யவில்லை. மூடியை ஓரத்தில் பிடித்துத் திருகினேன். கால்வாசி திருகியதும் ஒரு சத்தம். தூங்குகிற பிள்ளை மூச்சு விடுகிற மாதிரி. அவ்வளவு சின்னச் சத்தம். முன்னால் மூன்று தரம் திறந்தபோதும் அது வந்திருக்கும். அவன் முனகலிலும் இவள் அழுகையிலும் எனக்குக் கேட்கவில்லை.

டாங்கி காற்றை உள்ளே இழுத்தது.

மூடாமல் அப்படியே வைத்துவிட்டு எஞ்சினைச் சுற்றினேன். முதல் சுற்றிலேயே பிடித்தது. சும்மா நின்றபடி ஓடவிட்டேன். நிற்கவில்லை. மூடியைப் போட்டு இறுக்கி எஞ்சினை முறுக்கிவிட்டுக் காத்திருந்தேன். நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் அடுத்த மைலில் நிற்பேன். கொஞ்ச நேரத்தில் இருமத் தொடங்கியது. மூடியைத் தளர்த்தினேன். அதே மூச்சு. எஞ்சின் சரியாகிவிட்டது.

மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஒரு ஓட்டை மட்டும் போட்டு ஊற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கொட்டாது. இரண்டாவது ஓட்டை போட்டால்தான் காற்று உள்ளே போய் எண்ணெய் வெளியே வரும். டாங்கிக்கும் அப்படித்தான். வெளியே போன பெட்ரோலின் இடத்துக்குக் காற்று வர ஒரு வழி வேண்டும். அந்த வழி மூடியின் நடுவில் இருக்கிறது. ஊசித் துவாரம்.

மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நடுவில் சந்தனப் பொட்டு. அதன் மேல் குங்குமம்.

நான் வைத்தது. பூசையன்று லாரியைக் கழுவி, விளக்கு, சக்கரம், ஸ்டீரிங், சுற்றுகிற கம்பி, ஒன்றையும் விடாமல் பொட்டு வைத்தேன். பெட்ரோல் குடிக்கிற வாய் இதுதானே என்று பலகையைத் தூக்கி மூடிக்கும் வைத்தேன். மற்ற இடத்தைவிட இங்கே தடிப்பாக வைத்தேன். கட்டை விரலால் அழுத்தியும் விட்டேன். இரண்டு நாள் எஞ்சின் ஓடவில்லை. நன்றாகக் காய்ந்துபோனது.

காலையிலிருந்து மூன்று தரம் அந்த மூடியைத் திறந்திருக்கிறேன். மூன்று தரமும் அந்தப் பொட்டைப் பார்த்தேன். அழிந்துவிடக் கூடாது என்று ஓரத்தைப் பிடித்தே திருகினேன். திறந்ததால்தான் லாரி ஓடியது. நான் ஏற்றம் என்றேன், தண்ணீர் என்றேன், குப்பை என்றேன்.

நகத்தால் சுரண்டினேன். ரோட்டோரத்து முள்ளை ஒடித்துத் துவாரத்தில் விட்டுக் குத்தினேன். வாய் வைத்து ஊதினேன். காற்று போனது.

மூட்டைகளை அப்படியே போட்டுவிட்டு ஓட்டினேன்.

மேட்டு உச்சிக்குச் சற்று அப்பால் வண்டியைப் பிடித்தேன். முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். என் பெண்சாதி வண்டியை விட்டு இறங்கி நடுரோட்டில் நின்றுகொண்டாள். ஏற்றவிட மாட்டேன் என்றாள். மாடு நிற்காது, இது நிற்கும் என்றாள். நானா தலையைக் குனிந்துகொண்டு மாட்டின் கழுத்தைத் தடவினார். நான் சத்தியம் செய்தேன். அவள் கேட்கவில்லை. காலையிலிருந்து நான் மூன்று தரம் சரியாகிவிட்டது என்று சொல்லியிருந்தேன்.

உள்ளேயிருந்து அவன் கேட்டான்.

“மச்சான், ஏன் நின்னுச்சுன்னு தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது.”

“நெசமா?”

“நெசமா மாப்ள.”

“அப்ப ஏத்துங்க. அக்கா, வழிய வுடு.”

அவள் விட்டாள். ஏற்றும்போது என்ன கோளாறு என்று கேட்டாள். டாங்கிக்குக் காற்றுப் போகவில்லை என்றேன். அது பொய்யில்லை. நானா மூட்டைக்காக வண்டியைத் திருப்பினார். அவருக்கு நன்றி சொன்னேனா என்று ஞாபகமில்லை.

அதன் பிறகு லாரி நிற்கவில்லை. வளைவுகளில் தொட்டிப் பலகையெல்லாம் கிறீச்சிட்டது. பதுளை ஊர் கீழே தெரிந்தபோது லாரியின் நிழலைப் பார்த்தேன். காலையில் இடது பக்கம் கிடந்த நிழல் சக்கரத்துக்கு அடியில் போய்விட்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிப் பார்த்தேன். உச்சி சாய்ந்து, நிழல் மறுபக்கம் ஒரு சாண் வந்திருந்தது.

உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் மரத்தடியில் இருந்தோம். வெயில் சாய்ந்த பிறகு டாக்டர் வந்தார். சிங்களவர். தமிழ் கொஞ்சம் பேசுவார். முழங்கைக்குக் கீழே எடுக்க வேண்டியிருந்தது, உயிருக்குப் பயமில்லை என்றார். என் பெண்சாதி தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவர் பின்னாலேயே போனேன்.

“ரெண்டு மணி நேரம் முந்தி வந்திருந்தா கை இருந்திருக்குமாங்க?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார்.

“தெரியாது,” என்றார். “இருக்கலாம். இல்லாமலும் போகலாம்.”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் உள்ளதைச் சொன்னார்.

நாலாம் நாள் நான் மட்டும் அவனைப் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தான். இடது கையால் கஞ்சி குடித்துச் சட்டையெல்லாம் சிந்தியிருந்தது. நான் எதையும் சுற்றிவளைக்கவில்லை. மூடியையும் துவாரத்தையும் நான் வைத்த பொட்டையும் சொன்னேன். முடிந்ததும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன்.

அவன் சட்டையில் சிந்திய கஞ்சியைத் தட்டிவிட்டான்.

“அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?”

“இல்ல.”

“சொல்லாதீங்க. சந்தனம் அவ அரைச்சது.”

அதற்குப் பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நான் போகும்வரை திரும்பவில்லை.

தோட்டத்துக்கு வந்து ஒரு மாதம் எங்கள் காம்பராவில் இருந்தான். ஒரு நாள் அக்காவின் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து எடுக்க மலைக்குப் போனான். இடது கை மட்டும். பெண்கள் சிரிக்கவில்லை, அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை என்று பெண்சாதி சொன்னாள். மறுநாள் போகவில்லை. கங்காணி இரண்டு தடவை துரையிடம் கேட்டுப் பார்த்தார். நானும் போய் நின்றேன். மூன்றாம் வாரம் பேரை வெட்டினார்கள். கப்பலுக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தார்கள்.

பண்டாரவளையில் ரயிலேற்றிவிட நான்தான் போக வேண்டும். என் பெண்சாதி லயத்து வாசலோடு நின்றுகொண்டாள். சோற்றுப் பொட்டலத்தை அவன் மடியில் வைத்தாள். லாரியைத் தொடவில்லை. அந்த லாரியில் அவள் அதற்குப் பிறகு ஏறவே இல்லை.

பாதி வழியில் நிறுத்தச் சொன்னான். இறங்கி மரத்துக்குப் பின்னால் போனான். நேரம் ஆயிற்று. திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால் வேட்டியின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு மற்ற முனையோடு போராடிக்கொண்டிருந்தான். நான் போய்க் கட்டிவிட்டேன். என் முகத்தைப் பார்த்திருப்பான்.

“மூஞ்சிய அப்பிடி வச்சுக்காதீங்க மச்சான்,” என்றான். “நிறுத்தச் சொல்லி இந்த லாரி நின்னது இன்னிக்குத்தான்.”

நான் சிரிக்கத்தான் அப்படிச் சொன்னான் என்று தெரிந்தது. என்னால் முடியவில்லை.

ரயிலில் கதவோரமாக இடம் கிடைத்தது. மூட்டையை நான் தூக்கிக்கொடுத்தேன். போய்ச் சேர்ந்ததும் யாரிடமாவது சொல்லி ஒரு கடிதம் போடு என்றேன். ஊர்ப் பேரே எனக்குச் சரியாகத் தெரியாது மச்சான், அங்கே போய்த்தான் கேட்டுத் தேட வேண்டும் என்றான். ரயில் போனது. கடிதம் வரவில்லை.

நான் அன்றைக்கு அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பினேன்.